நோட்டரி கேட்ட ஒரு கேள்வி

புன்டா கைமான்,
12 பிப்ரவரி 2017

அன்புள்ள நெரெய்தா அக்காவுக்கு,

ஆசி கொடு அக்கா. நானும் ட்ரினாவும் சுகம். உன் தொண்டை வலி போனதா? மொன்டேவிதேயோவில் இப்போது கோடைதானே. இப்போதே இப்படி என்றால் குளிர் வந்தால் என்ன செய்வாய்?

நீ சொன்னபடி இனி எதையும் போனில் பேசமாட்டேன். யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்பார்கள் என்கிறாய். கணினிக்காரி நீ, உனக்குத் தெரியாததா. இந்தக் கடிதத்தை எலியோடோரோ மீனோடு டிரினிடாடுக்குக் கொண்டுபோய் அங்கே தபாலில் சேர்ப்பான். மீன் வாடை அடித்தால் அவனைத் திட்டு, என்னைத் திட்டாதே.

நீ ஒரு பழைய போனை அனுப்பி பிட்காயின் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாயே, அது இப்போது ஊரையே பிடித்துக்கொண்டது. டிசம்பரில் நூறு பொலிவார் நோட்டு செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தபோது, இங்கே வளர்ந்த ஆண்கள் நோட்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்கள். இன்று டிரினிடாட் வியாபாரி மீனுக்குப் பிட்காயின் தருகிறான். அதையே ரொட்டிக்கடையிலும், படகு மோட்டார் பழுதுபார்க்கும் சூய்தோவிடமும், மருந்துக்கடையிலும் கொடுக்கிறோம். நேற்று எலியோடோரோ ரொட்டிக்கடையில் நின்றுகொண்டு, "இந்தக் காசைக் கையில பிடிக்க முடியாது, ரொட்டியக் கடிக்க முடியுது. அரசாங்கம் கொடுத்தது அப்படியே தலைகீழ்"னு சொன்னான். கடையே சிரித்தது.

ஒரே தொல்லை, அனுப்பும் கட்டணம் ஏறிக்கொண்டே போவதுதான். பிட்காயின் கணக்கைப் படகு என்று வைத்துக்கொள், பத்து நிமிடத்துக்கு ஒரு படகு கிளம்புகிறது. அதில் இடம் கொஞ்சம். அதிகம் கொடுப்பவன் ஏறிக்கொள்கிறான், எங்கள் சின்னக் காசெல்லாம் கரையிலேயே நிற்கிறது. படகைப் பெரிதாக்குங்கள் என்று, இணையத்தில் பிட்காயின்காரர்கள் கூடிப் பேசும் ஸ்பானிஷ் மன்றத்தில் என் சொந்தப் பெயரிலேயே எழுதினேன். "நோட்டரி" என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன், "மீன்காரா, உன் ரொட்டிக்காக உலகத்தின் தங்கத்தை உருக்க வேண்டுமா?" என்று கேட்டு என்னைக் கிழித்துத் தொங்கவிட்டான். நீயும் அந்தப் பக்கம்தான் என்று தெரியும். ஆனால் நீ அவனைப் போல் இல்லையே.

வாய்யே மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் தம்பி,
ஆர்ஹெனிஸ்

மொன்டேவிதேயோ,
9 மார்ச் 2017

என் தம்பி ஆர்ஹெனிஸுக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார். தொண்டை சரியாகிவிட்டது. உனக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை இதே உறையில் வைத்திருக்கிறேன். காலையில் ஒன்று, மறக்காதே. ட்ரினாவிடம் சொல்லி வாங்கிப் போட்டுக்கொள், நீ போடமாட்டாய்.

படகுக் கதை நன்றாக இருக்கிறது. என் கதையையும் கேள். என் அறையில் ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. உலகத்தில் நடக்கும் எல்லாப் பிட்காயின் கணக்கையும் அது தானே சரிபார்க்கிறது. நான் யாரையும் நம்ப வேண்டியதில்லை. படகைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் இந்தப் பழைய கணினியால் தாங்க முடியாது. பெரிய கம்பெனிக்காரன் மட்டுமே சரிபார்ப்பான், நாம் அவன் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அவனுக்கும் மத்திய வங்கிக்கும் என்ன வித்தியாசம்? அப்பா வங்கி மேனேஜரை நம்பினார். வங்கி மூழ்கிச் சேமிப்பெல்லாம் போன பிறகும் கடைசிவரை, "அவர் நல்ல மனுஷன்மா" என்று சொல்லிக்கொண்டே செத்தார். நீ அப்போது சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது.

மன்றத்தில் எவனோ எழுதுவதை மனதில் வைத்துக்கொள்ளாதே. ஊர் நிலவரத்தை விவரமாக எழுது. யார் உன்னோடு இருக்கிறார்கள், யார் முணுமுணுக்கிறார்கள், எல்லாமே எனக்குத் தெரிய வேண்டும். தூரத்தில் இருப்பவளுக்கு அதுதான் ஆறுதல்.

அன்புடன்,
நெரெய்தா

புன்டா கைமான்,
4 ஏப்ரல் 2017

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி கொடு. மாத்திரை போடுகிறேன். ட்ரினா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாள்.

கேட்டாய், சொல்கிறேன். எலியோடோரோவின் மனைவி முணுமுணுக்கிறாள். கட்டணம் போக அவளுக்கு மிஞ்சுவது குறைகிறதாம். கொஞ்சமாக மீன் பிடிப்பவர்களுக்கு ஆகும் கட்டணத்தை நானே என் பங்கிலிருந்து கட்டிவிடுகிறேன். அது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வாங்கமாட்டார்கள், இவர்கள் ரோஷக்காரர்கள்.

இன்னொன்று. திட்டக்கூடாது. எல்லோருடைய பிட்காயினுக்கும் சாவி என்னிடம்தான் இருக்கிறது, நீ அனுப்பிய அந்தப் போனில். பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மீதிப் பேர் போனைக் கடலில் போட்டுவிடுகிறார்கள். "நீயே வச்சுக்கோ ஆர்ஹெனிஸ், எங்ககிட்ட இருந்தா மீன் தின்னுரும்"னு அவர்களே தலையில் கட்டிவிட்டார்கள். போன் தொலைந்தால் திரும்ப எடுக்கும் சொற்களை ஒரு தாளில் எழுதி, எங்கள் மீன் குளிர்கிடங்கில் சுவர்ப் பலகைக்குப் பின்னால் செருகியிருக்கிறேன். இது உனக்கும் எனக்கும்தான்.

ஜூலைக் கடைசியில் பெரிய படகுக் கட்சிக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கேமராவோடு வருகிறார்கள். ஏழை மீனவர்கள் பிட்காயினில் ரொட்டி வாங்குவதை உலகத்துக்குக் காட்டப்போகிறார்களாம். எலியோடோரோ இப்போதே மீசையைக் கத்தரிக்கத் தொடங்கிவிட்டான்.

அன்புத் தம்பி,
ஆர்ஹெனிஸ்

மொன்டேவிதேயோ,
2 மே 2017

தம்பி,

கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார். இங்கே காற்று மாறிவிட்டது, கடற்கரைச் சாலையில் நடக்க முடியவில்லை.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஒரு ஊரின் பணம் ஒரு மனிதனின் சட்டைப்பையில். இதைத்தானே நாம் வேண்டாம் என்றோம்? நீ நல்லவன் என்பது பதிலாகாது. அந்த மேனேஜரும் நல்லவர்தான்.

சாவியை அவரவரிடம் திருப்பிக் கொடு. கேமராக்காரர்களை வர வேண்டாம் என்று சொல். வேறு யாரிடமும் இதைச் சொல்லாதே.

அன்புடன்,
நெரெய்தா

புன்டா கைமான்,
3 ஜூன் 2017

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி கொடு. உன் உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்தைச் சுற்றி ஏதாவது கட்டிக்கொள்.

இங்கே ஒரு அநியாயம் நடந்துவிட்டது. ஊர்ச் சாவியெல்லாம் ஒரே ஆள் கையில் இருக்கிறது என்று நோட்டரி மன்றத்தில் எழுதிவிட்டான். "இவர்கள் சுதந்திரம் என்று சொல்வது இதைத்தான்" என்று கீழே ஒரு வரி வேறு. பட்டணத்தில் இருக்கும் யாரோ ஒரு மருமகன் அதைப் படித்து இங்கே போன் செய்ய, கிடங்கு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எலியோடோரோ நடுவில் வந்து நின்றான். "நாமதானேடா வச்சுக்கச் சொன்னோம்? இப்ப எவனோ முகம் தெரியாதவன் சொன்னான்னு இவன் சட்டையப் பிடிக்கிறீங்க. போய் வலையைக் கட்டுங்க"ன்னு விரட்டினான். அன்றைக்குத் தப்பித்தேன்.

யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். சாவி என்னிடம் இருப்பது ஊருக்கே தெரியும், ஆனால் பலகைக்குப் பின்னால் தாள் இருக்கும் விஷயத்தைக்கூட நோட்டரி எழுதியிருந்தான். கிடங்கு மோட்டாரைப் பழுதுபார்க்க வந்தவன் சூய்தோ ஒருவன்தான். கேட்டேன். அம்மா மேல் சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை. இனி அவனுக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை. போன வாரம் குடும்பத்தோடு லாரியில் ஏறிப் போய்விட்டான். தாளை வேறு பலகைக்குப் பின்னால் மாற்றிவிட்டேன்.

அதை விடு. நல்ல சேதி ஒன்று இருக்கிறது. எனக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. இந்த நாட்டில் அது கையில் கிடைப்பதற்குள் தாடி நரைத்துவிடுகிறது. எதற்குத் தெரியுமா? ஆகஸ்டில் உனக்கு ஐம்பது. பிரேசில் வழியாகப் பஸ்ஸில் வந்து உன் கதவைத் தட்டலாம் என்று நினைத்தேன். திடீரென்று வந்து நிற்கத்தான் ஆசை, ஆனால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. ட்ரினாவுக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்குத் தெரிந்தால், பாஸ்போர்ட் எடுத்தவன் திரும்பி வரமாட்டான் என்று பேசுவார்கள்.

அன்புத் தம்பி,
ஆர்ஹெனிஸ்

மொன்டேவிதேயோ,
24 ஜூன் 2017

தம்பி,

கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார்.

இந்தக் குளிரில் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வருவது உன் ரத்தக்கொதிப்புக்கு நல்லதா என்று தெரியவில்லை. பிறகு பார்க்கலாம்.

ஆகஸ்ட் முதல் தேதி பிட்காயின், பெரிய படகு ஒன்று சின்னப் படகு ஒன்று என்று இரண்டாக உடையப்போகிறது என்று உனக்கும் தெரியும். இரண்டில் எது நிற்கும் என்பதை இந்த இரண்டு மாதம்தான் தீர்மானிக்கும். உங்கள் ஊர்ப் படம் வெளியே வந்தால், ஒன்றும் அறியாதவர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பக்கம் சாய்வார்கள். உன் முகத்தைப் பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள். அதுதான் ஆபத்து.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், ஆர்ஹெனிஸ். படம் எடுக்க விடாதே. "நான் செய்தது தவறு" என்று மன்றத்தில் நீயாகவே எழுதிவிடு. அம்மா போன பிறகு நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இதை மட்டும் செய்.

நெரெய்தா

புன்டா கைமான்,
10 ஜூலை 2017

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி கொடு. கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. சுகம்தானே?

நீ கேட்டு நான் மறுப்பது இதுதான் முதல் தடவை. ரொட்டி வாங்குவது தவறு என்று நான் எப்படி எழுதுவேன்? வருகிறவர்களிடம் சாப்பாடு தருவதாக வேறு சொல்லிவிட்டோம். பெண்கள் இப்போதே சுறாக்குட்டி வைத்துப் பொரிக்கும் எம்பனாடாவுக்கு மாவு சேர்க்கிறார்கள். படம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு போன் வாங்கி, சாவியைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன். அதில் நீ சொல்வதுதான் சரி.

ட்ரினாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக்காட்டினேன். "உங்க அக்கா அப்படியே நோட்டரி மாதிரி பேசுறாங்க"ன்னு சொல்லிச் சிரித்தாள். கோபித்துக்கொள்ளாதே, அவள் எப்போதும் அப்படித்தான்.

ஆகஸ்ட் பத்துக்குப் பிறகு ஏதாவது ஒரு நாள் கதவு தட்டும் சத்தம் கேட்டால், யார் என்று கேட்காமல் திற.

அன்புத் தம்பி,
ஆர்ஹெனிஸ்

மொன்டேவிதேயோ,
7 செப்டம்பர் 2017

என் தம்பி ஆர்ஹெனிஸுக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார். எப்படி இருக்கிறாய்? ட்ரினா எப்படி இருக்கிறாள்? ஜூலைக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. டிரினிடாட் தபால் தாமதமாகிறதோ என்னவோ.

நான் மன்றத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அங்கே என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

என் பிறந்தநாளன்று இரண்டு தட்டு வைத்தேன். உனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கினேன். அளவு சரியாக இருக்குமா தெரியவில்லை, எடை போட்டாயா இளைத்தாயா என்று எழுதவே மாட்டாயே.

இரண்டு வரி எழுது. ஒரு வரி போதும்.

உன் அக்கா,
நெரெய்தா

புன்டா கைமான்,
15 அக்டோபர் 2017

மரியாதைக்குரிய நெரெய்தா அண்ணிக்கு,

ட்ரினா எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார்.

படக்காரர்கள் வரவேண்டிய அன்று காலையில் நோட்டரி மன்றத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தான். "ஆர்ஹெனிஸிடம் புதுப் பாஸ்போர்ட் இருக்கிறது. ஊர்ச் சாவியோடு எங்கே போகிறார் என்று அவரையே கேளுங்கள்." அவ்வளவுதான். நாங்கள் எம்பனாடா பொரித்துக்கொண்டிருந்தோம். கிடங்கு வாசலில் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

எலியோடோரோதான் கேட்டார். "பாஸ்போர்ட் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

இவருக்குப் பொய் வராது. "இருக்கு"ன்னார்.

"எதுக்கு?"

"எங்க அக்காவைப் பார்க்க. அவங்களுக்கு ஐம்பது வயசு ஆகுது."

கூட்டம் சிரித்தது, அண்ணி. எனக்கு அடியைவிட அந்தச் சிரிப்புதான் காதில் நிற்கிறது. எலியோடோரோவின் மனைவி, "எங்க பிள்ளைங்க சோறு உன் பையில, பையைத் தூக்கிட்டு அக்காவுக்குக் கேக்கு வெட்டப் போறியா?"ன்னு கேட்டாள். எலியோடோரோ துடுப்பை ஓங்கினார். முதல் அடி அவர் அடித்ததுதான். அதன் பிறகு யார் யார் என்று நான் பார்க்கவில்லை, இவர் மேல் விழுந்து கிடந்தேன், என்னை இழுத்துப் போட்டார்கள்.

போனைப் பிடுங்கி, "திற, திற" என்றார்கள். கண்ணெல்லாம் ரத்தம், எப்படித் திறப்பார்? திறக்க மறுக்கிறார் என்று நினைத்து எவனோ ஆத்திரத்தில் அதைக் கடலில் எறிந்தான். இன்னொருவன் கிடங்குக்குத் தீ வைத்தான். பலகைக்குப் பின்னால் இருந்த தாளும் அதோடு போனது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, "சரி, நடந்தது நடந்துபோச்சு, எங்க காசைக் கொடு" என்றார்கள். நான்தான் விளக்கிச் சொன்னேன். போனும் எரிந்த தாளும் தவிர இந்த உலகத்தில் வேறு எங்கேயும் அந்தச் சாவி கிடையாது என்று. எலியோடோரோ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இப்போது படகை விற்றுவிட்டு மனைவியோடு எங்கோ போய்விட்டார்.

படக்காரர்கள் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாகப் புகையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். உங்கள் கட்சிக்காரர்கள் அந்தப் படத்தை உலகம் முழுக்க அனுப்பினார்களாம்.

இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. உங்கள் செப்டம்பர் கடிதத்தை நான்தான் படித்துக்காட்டினேன். இரண்டு தட்டு வைத்தீர்கள் என்று கேட்டு அழுதார். "அக்கா கம்ப்யூட்டர் தெரிஞ்சவ. அந்த நோட்டரி யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்லி எழுது"ன்னு தினமும் சொல்கிறார். சூய்தோவாக இருக்கும் என்று இன்னும் நினைக்கிறார்.

பாஸ்போர்ட் விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும், அண்ணி. அவர் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை.

ட்ரினா

மொன்டேவிதேயோ,
20 நவம்பர் 2017

ட்ரினாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன்.

அடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. எல்லோரும் அவனிடம் கேள்வி கேட்பார்கள், பயந்துபோய் அன்றைக்கே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான், படம் நின்றுவிடும் என்று நினைத்தேன். அவன் யாரையும் ஏமாற்றமாட்டான் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் கேட்டது அவனைப் பற்றி அல்ல, ஒரு மனிதனை நம்பி ஊர் இருக்கலாமா என்பதைப் பற்றி. இந்த மாதம் எங்கள் பக்கம்தான் ஜெயித்தது. எல்லோரும் நோட்டரிக்கு வாழ்த்து எழுதினார்கள். கணினியை அணைத்துவிட்டேன். அதன் சத்தம் இல்லாமல் இந்த அறையில் இருக்க முடியவில்லை.

இத்துடன் அவனுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அதில் எழுதிவிட்டேன். அவன் காலில் விழுந்து கேட்டிருக்கிறேன். உன்னைக் கெஞ்சுகிறேன், ட்ரினா. அதை அவனுக்குப் படித்துக்காட்டு. அவன் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

நெரெய்தா

புன்டா கைமான்,
14 ஜனவரி 2018

நெரெய்தாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதை அடுப்பில் போட்டுவிட்டேன்.

படித்துக்காட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு நாள் சாப்பிடமாட்டார். மறுநாள், "பாவம், அக்கா தனியா இருக்கா, மன்னிச்சுட்டேன்னு எழுது"ன்னு சொல்லிவிடுவார். நீங்கள் அங்கே நிம்மதியாகத் தூங்குவீர்கள். அந்தத் தூக்கத்தை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அன்று மாலை, கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டார். வந்திருக்கிறது என்று சொல்லி வெறும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். நோட்டரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மார்பில் சளி, காய்ச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்கு இன்னொன்று படித்தேன், அதில் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள். போனில் பேச வேண்டும் என்றார். தொண்டையில் குழாய் வைத்திருக்கிறார்கள் என்றேன்.

இனி நீங்கள் எழுத வேண்டாம். உங்கள் கடிதங்களை நானே எழுதிக்கொள்கிறேன். நன்றாகவே எழுதுகிறேன், நீங்கள் எழுதியதைவிட அன்பாக. நேரில் வரலாம் என்று நினைக்காதீர்கள். வந்தால் கிடங்குச் சாம்பலின் மேல் ஊரையே கூட்டி, நோட்டரி வந்திருக்கிறார் என்று சொல்வேன். இங்கே இன்னும் துடுப்புகள் இருக்கின்றன.

புனித வாரத்துக்கு முன்னால் நீங்கள் இறந்துவிடுவீர்கள். அமைதியான சாவாகத்தான் வைக்கப்போகிறேன். பாதிரியாரிடம் சொல்லிப் பூசை வைப்போம். அவர் சில மாதம் அழுவார். நான் பக்கத்தில் இருப்பேன்.

அவர் நேற்று சொல்லச்சொல்ல நான் எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அது உண்மையானது, ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. நீங்கள் பதில் எழுத முடியாத கடிதம் என்பதால்தான் அனுப்புகிறேன்.

ட்ரினா

புன்டா கைமான்,
13 ஜனவரி 2018

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி கொடு. என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நான் நன்றாகத் தேறிவிட்டேன். காலையில் வாசலில் உட்காருகிறேன், வெயில் முகத்தில் படும்போது எந்தத் திசையில் கடல் என்று தெரிந்துவிடுகிறது.

நோட்டரியைத் தேடி அலையாதே. எனக்கு அந்த ஆள் மேல் இருந்த கோபம்கூட இப்போது குறைந்துவிட்டது. உன் உடம்புதான் முக்கியம். கொடுக்கிற மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள். உன் வாயைத் திறந்து பார்க்க அங்கே யாரும் இல்லையே என்றுதான் எனக்குக் கவலை.

நீண்ட கடிதமாக எழுதிக் களைத்துப்போகாதே. எப்போது முடிகிறதோ அப்போது இரண்டு வரி போதும். ட்ரினா அருமையாகப் படித்துக்காட்டுகிறாள். இப்போதெல்லாம் அவள் படிக்கும்போது அப்படியே உன் குரல் கேட்கிறது.

உன் தம்பி,
ஆர்ஹெனிஸ்